போலி டியூடர் கடைவரிசைக்கு எந்தப் பாதுகாப்பு பொருந்தும்?

லண்டன் புறநகரில் பல ரயில் நிலையங்களுக்கு வெளியே ஏறக்குறைய ஒரே மாதிரியான கடைவரிசை நிற்கும். கீழே மருந்துக்கடை, முடிதிருத்தகம், வீட்டுத் தரகர் அலுவலகம், மூலையில் ஒரு மளிகைக்கடை. சற்று நிமிர்ந்து பார்த்தால் மேல்தளம் வேறொரு நூற்றாண்டு. கூரான முக்கோண முகப்புகள், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே கறுப்பு மரச்சட்டங்கள், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்த ஜன்னல்கள். டியூடர் வம்சத்து மன்னன் எட்டாம் ஹென்றி காலத்துத் தெரு என்று நினைக்கத் தோன்றும். கட்டியதோ 1930 வாக்கில்.

நுவரெலியாவின் தபால் நிலையத்தையோ கிராண்ட் ஹோட்டலையோ பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் புதிதாக இருக்காது. டியூடர் மறுமலர்ச்சிப் பாணி என்பது மரியாதையான பெயர். ஆங்கிலேயர்களே அதிகம் சொல்வது 'மாக் டியூடர்', அதாவது போலி டியூடர்.

இந்த வரிசைகளுக்கு இப்போது நூறு வயது நெருங்குகிறது. கூரை ஓடு நழுவுகிறது, சட்டங்கள் உளுக்கின்றன. உரிமையாளர் விற்கிறார், வாங்குபவர் அந்த இடத்தில் ஆறு மாடி அடுக்ககத்துக்கு வரைபடம் போடுகிறார். அக்கம்பக்கத்தார் கூடி, காப்பாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். சரி, எதைக் கொண்டு? இங்கிலாந்தில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு: தேசியப் பட்டியல், பாதுகாப்புப் பகுதி, உள்ளூர்ப் பட்டியல், முகப்பை மட்டும் வைத்துக்கொள்வது, படமெடுத்து ஆவணப்படுத்திவிட்டு இடிக்க விடுவது. கூட்டங்களில் முதலில் எழும் குரல் எப்போதும் "தேசியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்" என்பதுதான். சாதாரணமான ஒரு கடைவரிசைக்கு அது தவறான கருவி என்பது என் கட்சி. ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கட்டடத்தில் காப்பாற்றத் தகுந்தது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

எது மதிப்பு?

மரச்சட்டத்தில் மதிப்பு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உண்மையான டியூடர் வீட்டில் ஓக் மரச்சட்டம்தான் கட்டடத்தைத் தாங்கும். சட்டங்களுக்கு இடையே களிமண்ணோ செங்கல்லோ நிரப்பியிருப்பார்கள். 1930களின் கடைவரிசையில் தாங்குவது செங்கல் சுவர். அதன்மேல் பலகைகளை ஆணியடித்து, இடைவெளியில் சிமென்ட் பூச்சு பூசியிருப்பார்கள். பலகையைக் கழற்றினாலும் கட்டடம் அசையாமல் நிற்கும். கறுப்பு வெள்ளை என்ற நிறச்சேர்க்கைகூட பெரும்பாலும் விக்டோரியா காலத்து ரசனை. பழைய ஓக் மரம் பல இடங்களில் பூச்சில்லாமல் வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

அப்படியானால் என்ன இருக்கிறது? கட்டடம் பொய் சொல்வது 1530 பற்றி. 1930 பற்றி அது சொல்வது முழுக்க உண்மை. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 40 லட்சம் வீடுகள் எழுந்தன. மின்சார ரயில் நீண்ட இடமெல்லாம் வயல்கள் மனைகளாயின. நகரத்துக் குமாஸ்தாவுக்கு வீடு விற்க வந்தவர்கள் கிராமத்துக் கனவையும் சேர்த்தே விற்றார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் அந்தக் கனவின் வாசல் போல முதலில் கண்ணில் பட வேண்டியது கடைவரிசை. அதனால்தான் அதற்கு இவ்வளவு அலங்காரம்.

கட்டடத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கீழே கடை, மேலே வீடு, பின்னால் வண்டிப்பாதை, அங்கிருந்து மேலேறும் படி. ஒவ்வொரு கடையின் முகப்பும் குறுகலானது. வரிசை முழுவதும் ஒரே தாளத்தில் முக்கோணம், தட்டை, முக்கோணம் என்று போகும். ஒரு கடையைத் தனியே பிய்த்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வரிசையில் பன்னிரண்டு கடை என்றால், பன்னிரண்டும் சேர்ந்து வானத்தில் வரையும் கோடுதான் சொத்து. கீழ்த்தளம் எத்தனையோ கைமாறி அலுமினியக் கதவும் பிளாஸ்டிக் பெயர்ப்பலகையுமாக மாறியிருக்கும். மேல்தளத்தை யாரும் கண்டுகொள்ளாததால் அது பெரும்பாலும் அப்படியே பிழைத்துக் கிடக்கிறது.

ஆக, காக்க வேண்டியது வரிசை, மேல்தளம், கடையும் வீடும் சேர்ந்த அமைப்பு ஆகிய மூன்றும். எந்தப் பாதுகாப்பு முறையையும் இந்த மூன்றையும் பிடிக்கிறதா என்று கேட்டே எடை போட வேண்டும்.

தேசியப் பட்டியல்: பலம் அதிகம், பொருத்தம் குறைவு

இந்தப் பாணியில் தேசியப் பட்டியலுக்கு ஐயமின்றித் தகுதியான கடை எது என்றால், மத்திய லண்டனின் கிரேட் மார்ல்பரோ தெருவில் நிற்கும் லிபர்ட்டி. 1924இல் முடிந்தது. வடிவமைத்தவர்கள் எட்வின் டி. ஹால், அவர் மகன் எட்வின் ஸ்டான்லி ஹால். பக்கத்து ரீஜன்ட் தெரு அரச நிலம். அங்கே கல்முகப்புடன் செவ்வியல் பாணியில்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. கிரேட் மார்ல்பரோ தெருவில் அந்தக் கட்டாயம் இல்லாததால் கடைக்காரர்கள் ஆசை தீரக் கட்டினார்கள். இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை உடைத்த மரம் அதில் இருக்கிறது. உள்ளே மூன்று கூடங்கள், சுற்றிலும் மரத்தாலான மாடங்கள். ஒப்பனை என்று ஒதுக்க முடியாத தச்சு வேலை. அது கிரேடு 2 நட்சத்திரம் பெற்றிருப்பதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் பட்டியலில் மூன்று தரங்கள்: 1, 2 நட்சத்திரம், 2. பட்டியலில் உள்ளவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் 2. மரபுக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆராய்ந்து பரிந்துரைக்கும். முடிவு பண்பாட்டுத் துறை அமைச்சருடையது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், உரிமையாளர் சம்மதம் தேவையில்லை. கட்டடம் பாழடைந்திருப்பதும், பழுதுபார்க்கச் செலவாகும் என்பதும், அங்கே எவ்வளவு லாபமாக அடுக்ககம் கட்டலாம் என்பதும் கணக்கில் வராது. சிறப்பான கட்டடக்கலை ஆர்வமோ வரலாற்று ஆர்வமோ இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. 1850க்கு முந்தைய கட்டடம் ஓரளவு முழுமையாக இருந்தாலே சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வந்தவை எண்ணிக்கையில் அதிகம் என்பதால் சல்லடை போகப் போகச் சிறிதாகும். 1930களின் கடைவரிசை நாடெங்கும் கிடக்கிறது; சல்லடையின் மேலேயே நின்றுவிடுகிறது.

ஹாரோ பகுதியின் ரெய்னர்ஸ் லேனில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சார்லஸ் ஹோல்டனும் ரெஜினால்ட் யூரனும் வடிவமைத்த 1938ஆம் ஆண்டு ரயில் நிலையம் பட்டியலில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, எஃப். ஈ. ப்ரோமிஜ் 1936இல் கட்டிய க்ரோவனர் திரையரங்கம் கிரேடு 2 நட்சத்திரம். இப்போது அது ஜொராஸ்ட்ரியர்களின் மையம். அந்தப் பத்தாண்டில் புதுமையாகக் கட்டியவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது. பழமையை நடித்தவர்கள் தேர்வறைக்குள்ளேயே நுழைவது கடினம். இதில் கொஞ்சம் மேட்டிமை ரசனையும் கலந்திருக்கிறது என்பது என் சந்தேகம். நவீனத்துவத்தைப் படித்து வளர்ந்த கட்டடக்கலை வரலாற்றாளர்களுக்கு, மக்கள் ஆசைப்பட்டு வாங்கிய பாணி நீண்ட காலம் கூச்சமாகவே இருந்தது.

உட்கார்ந்து குடிக்கும் 'பப்' என்ற மதுக்கடைகள் மட்டும் தப்பித்தன. 2015இல் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கால மதுக்கடைகள் 21 ஒரே தவணையில் பட்டியலில் ஏறின. பர்மிங்ஹாமின் நார்த்ஃபீல்டில் உள்ள பிளாக் ஹார்ஸ், மரச்சட்ட முகப்பு கொண்ட பெரிய மாளிகை, கிரேடு 2 நட்சத்திரம். மதுக்கடைக்குக் கிடைத்தது கடைவரிசைக்கு ஏன் கிடைக்கவில்லை? மதுக்கடை ஒரே உரிமையாளரிடம், ஒரே தொழிலில், பல பத்தாண்டுகள் இருந்தது. உள்ளே மரப்பலகைச் சுவர், கணப்பு, அறைப் பிரிவு எல்லாம் தங்கின. குடிப்பழக்கத்தைக் கண்ணியமாக்கும் சீர்திருத்த நோக்கத்தோடு மதுவடிப்பு நிறுவனங்கள் கட்டியவை என்ற வரலாறும் கைகொடுத்தது. கடைவரிசையிலோ ஒவ்வொரு வாடகைதாரரும் வந்ததும் முதலில் செய்வது பழைய கடைமுகப்பைப் பிடுங்குவது. கடைகளை மதிப்பிடும்போது மூல முகப்பும் உள்ளமைப்பும் மிஞ்சியிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். அங்கேயே வரிசை தோற்றுவிடும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பெர்த் நகரின் லண்டன் கோர்ட் 1937இல் திறந்த டியூடர் பாணிக் கடைச்சந்து. ஹே தெருவையும் செயின்ட் ஜார்ஜஸ் டெரஸையும் இணைக்கிறது. தங்கச் சுரங்க முதலீட்டாளர் கிளாட் டி பெர்னாலஸ் கட்டவைத்தார். ஒரு முனைக் கடிகாரத்தில் செயின்ட் ஜார்ஜ் டிராகனோடு சண்டை போடுகிறார். மறுமுனையில் குதிரைவீரர்கள் மோதிக்கொள்கிறார்கள். நாடகத்தனத்தில் லிபர்ட்டியையே மிஞ்சும். மேற்கு ஆஸ்திரேலியா அதை மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. சந்து முழுவதையும் ஒரே கற்பனையாக, ஒரே முதலாளிக்காகக் கட்டியதால் முழுமை குலையவில்லை. உங்கள் ஊர் வரிசை அப்படிப்பட்டதாக இருந்தால் நான் இதுவரை சொன்னதை மறந்துவிட்டு இன்றே விண்ணப்பியுங்கள்.

பட்டியலில் ஏறினால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளும் புறமும் சேர்த்தே பாதுகாப்பு. அனுமதியில்லாமல் அதன் தன்மையைக் கெடுத்தால் குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் வரம்பில்லா அபராதமும் விதிக்கலாம். 2021 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் கடையை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே குடியிருப்பாக மாற்றச் சலுகை உண்டு. பட்டியல் கட்டடத்துக்கு அது செல்லாது. காலியாகக் கிடந்தால் வணிக வரியிலிருந்து விலக்கு. ஆனால் பணம் என்று பார்த்தால் பெரிய உதவி இல்லை. பட்டியல் கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. 2012 அக்டோபரில் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது முழு 20 சதவீதம்.

பாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் வாடகைக்கு இருக்கும் கடைக்காரர். ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கங்களில் இப்படிப் பழைய வரிசைகளில் மளிகையும் நகைக்கடையும் நடத்தும் நம்மவர்கள் எத்தனையோ பேர். குளிர்பதன அறைக்குப் பின்சுவரில் ஓட்டை போடுவதற்கே, அது கட்டடத்தின் தன்மையைத் தொடுமா என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியல் குறிப்பிலேயே "இன்ன பகுதிக்குச் சிறப்பில்லை" என்று விலக்கி எழுத முடியும். பின்கட்டையும் கடை உட்புறத்தையும் அப்படி விலக்கச் செய்தால் பாரம் குறையும். அப்படி எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவது மேல்முகப்பு என்றால், அதைவிட எளிய வழி இருக்கிறது.

இன்னொரு ஆபத்தையும் யோசிக்க வேண்டும். விண்ணப்பம் தோற்றால் "சிறப்பு ஆர்வம் இல்லை" என்று அதிகாரபூர்வமாக ஓர் அறிக்கை பிறந்துவிடும். அடுத்த திட்ட விசாரணையில் கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். பலவீனமான வரிசைக்குப் பட்டியல் கேட்பது, எதிராளிக்கு நாமே சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக முடியலாம்.

பாதுகாப்புப் பகுதி: பெட்ஸ் வுட்டில் இருப்பது

லண்டனின் தென்கிழக்கே, ப்ராம்லி கவுன்சிலின் கீழ் வரும் பெட்ஸ் வுட் இந்த ஒப்பீட்டுக்கென்றே அமைந்த இடம். 1928இல் ரயில் நிலையம் திறந்தது. பேசில் ஸ்க்ரூபி என்ற மனை வணிகர் அதைச் சுற்றிப் புறநகரை வளர்த்தார். ஸ்டேஷன் ஸ்கொயரைச் சூழ டியூடர் பாணிக் கடைகள். அங்கேயே 1930களில் எழுந்த டேலைட் இன் என்ற மதுக்கடை. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் யோசனைக்காக 1907 முதல் போராடிய வில்லியம் வில்லட் பெட்ஸ் வுட் காட்டில் குதிரைச் சவாரி போனவர். அவர் நினைவாக வந்த பெயர் அது. மதுக்கடை தனியாகத் தேசியப் பட்டியலில் இருக்கிறது. சுற்றியுள்ள கடைகள் பாதுகாப்புப் பகுதி என்ற போர்வைக்குள் இருக்கின்றன. ஒரே சதுக்கத்தில் இரண்டு கருவிகள், தத்தம் வேலைக்கு ஏற்றபடி. இந்த வேலைப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது.

பாதுகாப்புப் பகுதி என்ற ஏற்பாடு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. முதலில் அறிவித்த இடம் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டு. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. அறிவிப்பது உள்ளூர் கவுன்சில். லண்டனில் அமைச்சர் கதவைத் தட்ட வேண்டாம். அது கேட்கும் கேள்வியும் வேறு: இந்தப் பகுதியின் தன்மையும் தோற்றமும் பேணத் தக்கவையா? தனிக் கட்டடம் அபூர்வமா என்ற தேர்வு இங்கே இல்லை. வரிசையின் தாளம், கூரைக்கோடு, நிலையத்துக்கும் கடைக்கும் உள்ள உறவு எல்லாம் கணக்கில் சேரும்.

இடிக்கத் திட்ட அனுமதி கட்டாயம் என்பது முதல் லாபம். இந்தப் பகுதிக்கு வெளியே நிற்கும் சாதாரணக் கடையை, இடிக்கும் முறையைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு இடித்துவிடலாம். மதுக்கடைக்கு 2017இலிருந்து அந்தச் சலுகை கிடையாது. பக்கத்துக் கடைக்கு இன்னும் உண்டு. ஒளிரும் பெயர்ப்பலகைக்கும் பாதுகாப்புப் பகுதியில் தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். கீழ்த்தளக் கடையை வீடாக்க விண்ணப்பித்தால், அது பகுதியின் தன்மையை என்ன செய்யும் என்று கவுன்சில் பார்க்கலாம். கடையும் வீடும் சேர்ந்த அமைப்பைக் காப்பதில் இது பட்டியலளவு இறுக்கமில்லை, ஆனால் ஓரளவு பிடிப்பு இருக்கிறது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. தனி வீட்டுக்காரர் அனுமதியின்றி ஜன்னலை மாற்றிக்கொள்ளும் சலுகை அடுக்ககக் குடியிருப்புக்குக் கிடையாது. கடைக்கு மேலே இருப்பது சட்டப்படி அடுக்ககக் குடியிருப்பு. ஆகவே ஈயக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது, தோற்றத்தைக் கணிசமாக மாற்றுவதால், எங்கேயாக இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டிய வேலை. கேட்காமல் நடக்கிறது, கவுன்சிலில் கவனிக்க ஆளில்லை. பாதுகாப்புப் பகுதி என்ற பெயர் விழுந்ததும் அக்கம்பக்கத்தார் புகார் எழுதத் தொடங்குகிறார்கள். நடைமுறையில் பாதி அமலாக்கம் அந்தப் புகார்கள்தான்.

ஓட்டையும் உண்டு. பெயின்ட் அடிப்பதை இது தடுக்காது. ஒரு கடைக்காரர் தன் பங்குக்கு மேல்தளச் சட்டங்களை ஊதாவாக்கினால் சட்டம் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் ஆர்ட்டிகிள் 4 ஆணை வேண்டும். குறிப்பிட்ட சலுகைகளைக் குறிப்பிட்ட இடத்தில் ரத்து செய்யும் ஆணை அது. மேற்கு லண்டனின் ஹேங்கர் ஹில் கார்டன் எஸ்டேட் 1928 முதல் 1936 வரை முழுக்க டியூடர் பாணியில் எழுந்த குடியிருப்பு, அதுவும் ஒரு பாதுகாப்புப் பகுதி. இது போலி, இதற்கு எதற்குப் பாதுகாப்பு என்று யாராவது கவுன்சில் கூட்டத்தில் கேட்டால் காட்டுவதற்கு நல்ல முன்னுதாரணம்.

உள்ளூர்ப் பட்டியல்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கவுன்சில் தன் பட்டியலில் கட்டடத்தைக் குறித்துக்கொள்ளும். திட்ட விண்ணப்பம் வந்தால் அதைக் கருத்தில் கொள்ளும். விண்ணப்பமே தேவைப்படாத வேலைகளுக்கு இது தடையாகாது, இடிப்பு உட்பட. சும்மா இருப்பதற்கு இது மேல். எளிதாகக் கிடைக்கும், பிறகு பாதுகாப்புப் பகுதி கேட்கும்போது ஆதாரமாகவும் உதவும். இதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

கட்டுமான நிறுவனங்கள் சமரசமாக நீட்டும் யோசனை இது. முன்சுவரை இரும்புச் சாரத்தில் தாங்கிப் பிடித்து, பின்னால் முழுவதையும் இடித்து, புதிய அடுக்ககத்தை அதன் முதுகில் ஒட்டுவது. மற்றப் பழைய கட்டடங்களுக்கு இதை எதிர்ப்பது சுலபம். போலி டியூடருக்கு மட்டும் ஒரு கூர்மையான எதிர்க்கேள்வி உண்டு: இது பிறந்தபோதே வெறும் முகப்புதானே? செங்கல் பெட்டிக்கு முன்னால் ஒட்டிய பலகைதானே? பெட்டியை மாற்றினால் எது கெட்டுப்போகிறது?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மரபார்வலர்கள் பலர் இதற்குப் பதில் சொல்லாமல் முகம் சுளித்துவிட்டு நகர்கிறார்கள். என் பதில் கூரையிலிருந்து தொடங்குகிறது. முக்கோண முகப்பு சுவரோடு முடிவதில்லை. அதன் பின்னே சாய்ந்த ஓட்டுக்கூரை ஓடுகிறது, புகைபோக்கிகள் எழுகின்றன. தெருவில் நடப்பவர் பக்கவாட்டில் பார்ப்பது அந்த ஆழத்தைத்தான். பின்னால் தட்டைக் கூரையோடு நான்கு மாடி எழுந்தால் முக்கோணம் அட்டையில் வெட்டி நிறுத்தியதாகிவிடும். 1930இல் கட்டியவர்கள் பலகையில் பொய் சொன்னார்கள், கூரையில் சொல்லவில்லை.

அடுத்தது கடைகளின் அளவு. உள்ளே இடித்ததும் பன்னிரண்டு சிறு கடைகளுக்கு இடையே இருந்த குறுக்குச் சுவர்கள் போய்விடும். புதிதாக வருவது பெரும்பாலும் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கான கூடம். வெளியே பன்னிரண்டு முக்கோணம், உள்ளே ஒரு கடை. குறைந்த வாடகையில் தொழில் தொடங்கும் செருப்புத் தைப்பவரும் தையற்காரரும் இட்லி மாவு விற்பவரும் அங்கே திரும்பி வர முடியாது. மேல்வீட்டு ஜன்னலுக்கும் புதிய தளத்தின் உயரத்துக்கும் பொருந்தாமல், சில கட்டடங்களில் பழைய ஜன்னலுக்குப் பின்னால் தளம் குறுக்கே ஓடுவதையும் பார்க்கலாம்.

நான் முன்னே சொன்ன மூன்றில் முகப்புத் தீர்வு மேல்தளத்தின் தோலை மட்டும் காக்கிறது. விலையோ அதிகம், ஏனெனில் சுவரைத் தாங்கிப் பிடிப்பதே பெரிய செலவு. அந்தச் செலவைக் காட்டியே இன்னும் இரண்டு மாடி கூடுதலாகக் கேட்பார்கள். வரிசையின் ஒரு பகுதி தீயில் போய், முன்சுவர் மட்டும் நிற்கிறது என்ற நிலைமை இருந்தால் ஒப்புக்கொள்வேன். மற்றபடி இதைவிட, முழுவதையும் இடித்துவிட்டு நல்ல புதுக் கட்டடம் கட்டுவதே கண்ணியம்.

இடிக்க விடலாமா?

விடலாம், சில இடங்களில். எல்லா வரிசையும் காப்பாற்றத் தக்கதல்ல. பலகைகளைக் கழற்றிவிட்டார்கள், முக்கோணங்களை மழித்துவிட்டார்கள், ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக், நடுவில் இரண்டு கடைகள் 1960களில் தட்டைக் கட்டடமாகிவிட்டன என்றால் அங்கே வரிசை என்று ஒன்று இல்லை. ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் வீடு கட்ட இடமில்லாமல் நகரம் திணறும்போது, மூன்று முக்கோணங்களுக்காக நூறு குடும்பத்தின் வீட்டை மறுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். கவனமாகப் படமெடுத்து, அளந்து வரைந்து, உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிட்டுப் போகவிடலாம்.

அந்த ஆவணம் சடங்காக இருக்கக் கூடாது. மேற்கு லண்டன் மைடா வேலில் கார்ல்டன் டாவர்ன் என்ற 1920களின் மதுக்கடையை 2015 ஏப்ரலில், பட்டியல் முடிவு வரவிருந்த நேரத்தில், அனுமதியின்றி இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அதை இருந்தபடியே திரும்பக் கட்ட உத்தரவிட்டது. 2021இல் மீண்டும் திறந்தது. திரும்பக் கட்ட முடிந்ததற்கு முன்கூட்டியே எடுத்து வைத்த பதிவுகள் பெரிய காரணம்.

இடிப்பின் பக்கம் தராசு சாய்வதற்கு வரியும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். பழைய வரிசையைப் பழுதுபார்த்தால் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி. இடித்துவிட்டுப் புதிய வீடுகள் கட்டினால் வரி பூஜ்யம். கட்டுமான நிறுவனம் "பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது" என்று கணக்குக் காட்டும்போது அதில் ஆறில் ஒரு பங்கு அரசாங்கமே உண்டாக்கிய வித்தியாசம். ஊர்க்குழு அந்தக் கணக்கை வாங்கி, வரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.

பழுதுச் செலவையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. பலகை உளுப்பது பெரும்பாலும் கிடைச்சட்டங்களின் மேல்விளிம்பில், மழைநீர் தங்கும் இடத்தில். பின்னாளில் அதன்மேல் காற்றுப் புகாத பெயின்ட்டும் கெட்டியான சிமென்ட்டும் பூசியிருந்தால், ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தது போலத்தான். அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றி, மேல்விளிம்பைச் சரிவாகச் சீவி, தண்ணீர் வடிய வழி செய்தால் போதும். பலகை கட்டடத்தைத் தாங்கவில்லை என்பது இங்கே நமக்குச் சாதகம்: உண்மையான டியூடர் வீட்டில் சட்டத்தை மாற்றுவது அறுவை சிகிச்சை, இங்கே தச்சருக்குச் சில நாள் வேலை.

எதை முதலில், எதைப் பிறகு கேட்பது

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று மேல்தளத்தை மட்டும் படமெடுங்கள். பெரும்பான்மை முக்கோணங்களும் ஜன்னல்களும் மூல நிலையில் இருந்தால் பாதுகாப்புப் பகுதிக்குக் கோரிக்கை எழுதலாம். ரயில் நிலையத்தையும் எதிர் வரிசையையும் எல்லைக்குள் சேர்த்துக் கேளுங்கள். கடைவரிசையை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் அதைப் பகுதி என்று கவுன்சில் ஏற்பது கடினம். வரிசையில் உள்ளமைப்போடு பிழைத்த மதுக்கடையோ, பித்தளைச் சட்டமும் வளைந்த கண்ணாடியும் அப்படியே உள்ள ஒற்றைக் கடையோ இருந்தால் அதற்கு மட்டும் தேசியப் பட்டியல் விண்ணப்பம். மற்றவை அதன் பின்னணியாக நிற்கட்டும்.

கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பெயர்ப்பலகையின் உயரம் என்ன, உருளைக் கதவு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று இரண்டு பக்கத்தில் ஒரு கடைமுகப்பு வழிகாட்டியைக் கவுன்சிலை எழுதவைத்தால் பாதிச் சண்டை வராது. தமிழிலும் குஜராத்தியிலும் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆர்ட்டிகிள் 4 ஆணையைக் கடைசியில் கேளுங்கள், ஆனால் சீக்கிரம் கேளுங்கள். பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் கவுன்சில் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் அந்த வழியைத்தான் எடுக்கும். அந்த ஓராண்டுக்குள் ஊதா பெயின்ட் அடிக்க நினைப்பவர் தாராளமாக அடித்துக்கொள்ளலாம்.